கும்மந்தான் கான்சாகிபு: பரங்கிமலை முதல் சம்மட்டிபுரம் வரை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் இருக்கிறது. இன்று அது ஓயாமல் பஸ்கள் ஓடும் புறநகர். கடைகளும் மாடி வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலும் பனையுமாக இருந்தது. வடக்கே சில மைல் தூரத்தில் பரங்கிமலை. தெற்கே, ஒரு நாள் நடையில், செங்கல்பட்டுக் கோட்டை.

1758-ம் ஆண்டு டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை, இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு படை முன்னும் பின்னுமாக நடமாடிக்கொண்டிருந்தது. திடீரென்று பரங்கிமலையில் தோன்றும், சண்டை போடும், மாயமாய் மறைந்துவிடும். சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்த பிரெஞ்சு சேனாதிபதி லாலிக்கு அந்தப் படை தூக்கத்தைக் கெடுத்தது. ஓரிடத்தில் விரட்டினால் இன்னோரிடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களைப் போன்றவர்கள் என்று அவர் சலித்துக்கொண்டாராம்.

அந்தப் படையின் சிப்பாய்களை நடத்தியவர் வெள்ளைக்காரர் அல்ல, நம் நாட்டவர். ராமநாதபுரம் சீமையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவர். கும்மந்தான் யூசுப்கான் என்பது படையில் அவர் பெயர். கான்சாகிபு என்பது மக்கள் வாயில் வழங்கிய பெயர். மருதநாயகம் என்பது பிள்ளைப் பருவத்துப் பெயர் என்கிறது மரபு.

அன்று அவர் காப்பாற்றிக் கொடுத்தது கும்பினியின் சென்னையை. அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதே கும்பினியின் படை அவரைப் பிடித்துக் கொடுக்க, மதுரைக்கு வெளியே தூக்குமரத்தில் அவர் தொங்கினார்.

ஓடிப்போன சிறுவன்

1725-ம் ஆண்டு வாக்கில் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவன் அந்தப் பையன் என்று சொல்வார்கள். முரட்டுப் பிள்ளை. வீட்டில் தங்கவில்லை. ஊரை விட்டு ஓடினான், இஸ்லாத்தைத் தழுவினான், முகமது யூசுப்கான் ஆனான்.

புதுச்சேரியில் வெள்ளைக்காரர்களிடம் ஊழியம், தஞ்சாவூர்ப் படையில் சிப்பாய் வேலை என்று சில காலம் கழிந்தது. புருண்டன் என்ற ஆங்கிலேயர் அவனுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்ததாக, அவர் வரலாற்றை ஆராய்ந்து 1914-ல் பெரிய நூல் எழுதிய ஹில் என்ற ஆசிரியர் கூறுகிறார். தமிழ் தாய்மொழி. அதன்மேல் இந்துஸ்தானி, ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் என்று பல பாஷைகள் அவன் நாக்கில் ஏறின. அந்தக் காலத்தில் இது சாமானிய சொத்தல்ல. வெள்ளைக்கார அதிகாரிக்கும் நாட்டுச் சிப்பாய்க்கும் நடுவே எப்போதும் ஒரு துபாஷி நிற்பான். அவன் சொன்னதுதான் சொல். யூசுப்கானுக்குத் துபாஷி தேவைப்படவில்லை. அவர் பிற்கால உயர்வுக்கு வாள் எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு இந்த நாக்கும் காரணம்.

நெல்லூரில் வரி வசூலிக்கும் சேவகனாகத் தொடங்கி, ஹவில்தாராகி, சுபேதாராக உயர்ந்தார். 1752-ல், காவேரிப்பாக்கம் சண்டைக்குச் சற்று முன், தமக்கென்று ஒரு சிப்பாய்ப் பட்டாளத்துடன் ராபர்ட் கிளைவின் கீழ் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு இருக்கலாம்.

கோட்டை வாசலில் ஒரு கடிதம்

கர்நாடக நவாப் பதவிக்கு இருவர் அடித்துக்கொண்ட காலம் அது. ஒரு பக்கம் சந்தாசாகிபு. அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மறு பக்கம் முகமது அலி. அவருக்கு ஆங்கிலேயர் துணை. சந்தாசாகிபு 1752-ல் கொல்லப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. மைசூர்த் தளவாய் நஞ்சராஜன் திருச்சியைக் கேட்டு வந்து உட்கார்ந்தான். பிரெஞ்சுக்காரரும் அவனோடு சேர்ந்தார்கள். திருச்சி வளைக்கப்பட்டது.

கோட்டைக்குள் ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ். வயதானவர், அனுபவசாலி. அவருடைய பெரிய கவலை எதிரியின் பீரங்கி அல்ல, அரிசி. தொண்டைமான் சீமையிலிருந்து காட்டு வழியே மாட்டு வண்டிகளில் தானியம் வர வேண்டும். வழியெல்லாம் எதிரிக் குதிரைகள். அந்த வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் யூசுப்கான். எந்த வழியில் எதிரி நிற்கிறான், எந்த வழி இன்றிரவு காலி என்பது அவருடைய ஒற்றர்களுக்குத் தெரியும். லாரன்ஸ் அவரைத் தம் வலது கையாக நினைத்தார். தம்முடைய குறிப்புகளில் தாராளமாகப் புகழ்ந்தும் எழுதி வைத்தார்.

புகழ் ஏறினால் பகையும் ஏறும். 1754-ல் ஒரு கடிதம் அகப்பட்டது. யூசுப்கான் திருச்சியை மைசூராருக்குக் காட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டதாக அதில் கண்டிருந்தது! கும்மந்தானே துரோகி என்றால் அந்தக் கோட்டை இன்னும் எத்தனை நாள் நிற்கும்? விசாரணை நடந்தது. நூல் பிடித்துக்கொண்டு போனபோது அது வேறோர் இடத்தில் போய் முடிந்தது. கடிதம் பொய். அதற்குச் சூத்திரதாரி லாரன்ஸின் சொந்த துபாஷியான பொன்னியப்பன். மைசூராரோடு கையாள் வேலை பார்த்துவந்தவன் அவன்தான். அவனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

யூசுப்கான் தப்பினார். தப்பியது மட்டுமல்ல, கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கும்மந்தான் என்ற பதவியும், 1754-ம் ஆண்டின் சேவைக்காகத் தங்கப் பதக்கமும் சென்னை கவர்னரும் சபையாரும் கொடுத்தார்கள். அந்தப் படையில் அதற்குமேல் ஓர் இந்தியர் அன்று ஏறக்கூடிய படி இல்லை. மன்னர் கமிஷன் பெற்ற இந்திய அதிகாரிகளைக் காண நம் நாடு முதல் உலகப் போரின் கடைசிக் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பதவியின் கனம் விளங்கும்.

ஆனால் அந்தப் பொய்க் கடிதத்தை மறந்துவிடக் கூடாது. ஒரே ஒரு தாளில் இவரைத் துரோகி ஆக்கிவிட முடியும் என்பது அன்றே தெரிந்துபோயிற்று. அப்போது உண்மையைத் தோண்டி எடுக்க லாரன்ஸ் இருந்தார்.

சாமி சிலைகளை எடுத்த கர்னல்

1755-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நவாபுக்கு அடக்கிக் கொடுக்கக் கும்பினிப் படை ஒன்று புறப்பட்டது. தலைவர் கர்னல் ஹெரான். நவாபின் அண்ணன் மாபூஸ்கானும், யூசுப்கானும் உடன் சென்றார்கள்.

ஹெரானுக்கு யுத்தத்தைவிடப் பணத்தில்தான் கண். மதுரைக்கு அருகே கோயில்குடிக் கோயிலை உடைத்து, சாமி சிலைகளை அள்ளிக்கொண்டு, பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசினார். கள்ளர் நாட்டு மக்கள் பேரம் பேசவில்லை. படை திரும்பும்போது நத்தம் கணவாயில் காத்திருந்தார்கள். இரு பக்கமும் காடு. நடுவே ஒற்றை வழி. மரங்களுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். தங்கள் சாமிகளை மீட்டுக்கொண்டு போனார்கள்.

ஹெரான் வாங்கிய லஞ்சங்களை மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் யூசுப்கான் ஒருவர். சென்னையில் ராணுவ விசாரணை நடந்து, ஹெரானின் உத்தியோகம் போயிற்று. ஒரு வெள்ளைக்காரக் கர்னலுக்கு எதிராக ஒரு நாட்டு அதிகாரி வாய் திறப்பது அன்று லேசான காரியமா? கும்பினி அவருடைய பேச்சை நம்பியது. கும்பினி தம்மை என்றும் நம்பும் என்று யூசுப்கானும் நம்பத் தொடங்கியது அப்போதுதான் என்று தோன்றுகிறது.

மறு ஆண்டு அவரே தெற்கே அனுப்பப்பட்டார். மாபூஸ்கான் தம்பிக்கு எதிராகவே திரும்பிப் பாளையக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். மதுரைக் கோட்டை கை மாறியிருந்தது. கேப்டன் கைலாடும் யூசுப்கானும் பல மாதம் போராடி, கடைசியில் உள்ளே இருந்தவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து 1757 செப்டம்பரில் மதுரையை வாங்கினார்கள். வாங்கினார்கள் என்பதே சரியான சொல்.

பரங்கிமலைச் சண்டை

1758 டிசம்பரில் லாலி சென்னைக்கு வந்துவிட்டார். கறுப்பர் பட்டணம் அவர் கையில் விழுந்தது. புனித ஜார்ஜ் கோட்டை மட்டும் மிச்சம். உள்ளே கவர்னர் பிகட்டும், கிழவர் லாரன்ஸும். கடலில் ஆங்கிலக் கப்பல் எதுவும் கண்ணில் படவில்லை. கோட்டை விழுந்தால் தென்னாட்டில் கும்பினியின் கதை முடிந்தது.

இந்தச் சமயத்தில் தெற்கேயிருந்து யூசுப்கான் வரவழைக்கப்பட்டார். ஏறக்குறைய இரண்டாயிரம் சிப்பாய்களுடன் அவர் வந்தார். செங்கல்பட்டுக் கோட்டையில் இருந்த கேப்டன் பிரெஸ்டன் அவரோடு சேர்ந்தார். அக்கில்லீஸ் பிரெஸ்டன் என்பது முழுப் பெயர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டைக்குள் புகுந்து உதவ வேண்டும் என்பதல்ல அவர்கள் திட்டம். வெளியே இருந்தபடியே முற்றுகையிட்டவனை முற்றுகையிடுவது! லாலியின் படைக்குச் சோறு நாட்டுப்புறத்திலிருந்துதான் வர வேண்டும். நெல் வண்டி வந்தால் மறி. மாட்டு மந்தை வந்தால் ஓட்டிக்கொண்டு போ. பிரெஞ்சுக்காரர் ஒரு படைப்பிரிவை அனுப்பினால் செங்கல்பட்டுப் பக்கம் ஒதுங்கு. அவர்கள் திரும்பியதும் மறுபடி பரங்கிமலைக்கு வா. திருச்சியில் யார் யாரிடமிருந்து தானிய வண்டிகளைக் காத்தாரோ, இங்கே அவர்களுடைய வண்டிகளையே அவர் மடக்கினார். அந்த வித்தையின் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரியும்.

லாலியிடம் ஏற்கனவே பணம் இல்லை. சிப்பாய்களுக்குச் சம்பளம் பாக்கி. இப்போது சோற்றுக்கும் முட்டுப்பாடு. இந்த ஈக்களை ஒரேயடியாக நசுக்கிவிடுவது என்று பெரும் படை ஒன்றை அனுப்பினார்.

1759 பிப்ரவரி 9. பரங்கிமலை அடிவாரம். இரண்டு நாள் முன்னர்தான் மேஜர் கைலாட் வந்து தலைமையை ஏற்றிருந்தார். மலையடியில் இருந்த தோட்ட வீடுகளையும் மதில்களையும் மறைவாகக் கொண்டு கும்பினிப் படை நின்றது. வெள்ளைக்காரத் துருப்புகள் சொற்பம். பெரும்பகுதி யூசுப்கானின் சிப்பாய்கள். காலையில் தொடங்கிய சண்டை மாலை வரை நீடித்தது. பிரெஞ்சுக் குதிரைகள் பாய்ந்தன, திரும்பின. பீரங்கிகள் மதில்களைப் பிளந்தன. பொழுது சாயும்போது கைலாடின் படையில் வெடிமருந்து தீரும் தறுவாயில் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் எதிரி நின்றிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன் பிரெஞ்சுப் படை விலகிவிட்டது.

ஒரு வாரம் சென்றது. பிப்ரவரி 16 அன்று மாலை ஆங்கிலக் கப்பல்களின் பாய்கள் கடலில் தெரிந்தன. அன்றிரவே லாலி முற்றுகையைக் கைவிட்டு, பெரிய பீரங்கிகளைக்கூட விட்டுவிட்டுப் புறப்பட்டார். கப்பல்தான் சென்னையைக் காத்தது என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும். கப்பல் வரும்வரை கோட்டை தாங்கியது எப்படி என்று கேட்டால், பதிலில் பாதி பரங்கிமலையில் இருக்கிறது.

1963 முதல் அதே பரங்கிமலையில் இந்திய ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. தோளில் நட்சத்திரம் ஏற்றிக்கொண்டு ஆண்டுதோறும் இளைஞர்கள் அங்கிருந்து அணிவகுத்து வெளியேறுகிறார்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்னால் அந்த அடிவாரத்தில் படை நடத்திய தமிழர் ஒருவர் உண்டு.

மதுரை கவர்னர்

1759 நடுவில் யூசுப்கான் மதுரை திரும்பினார். இந்த முறை வெறும் படைத் தலைவராக அல்ல. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு அவரிடமே விட்டார்கள். வரியை அவரே வசூலிக்கலாம். படையை அவரே வைத்துக்கொள்ளலாம். குத்தகைப் பணத்தை மட்டும் கட்டிவிட வேண்டும்.

நாடு அப்போது கிடந்த நிலை பரிதாபம். பத்து ஆண்டுகளாக யார் வந்தாலும் கொள்ளை. கண்மாய்கள் உடைந்து கிடந்தன. உழுதவன் அறுப்பான் என்ற நிச்சயம் இல்லை. யூசுப்கான் கையில் அது மாறியது. கண்மாய்களும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. நெசவாளருக்கும் வியாபாரிகளுக்கும் பாதுகாப்பு வந்தது. பாழாகக் கிடந்த கோயில் காரியங்களைக் கவனித்தார். மீனாட்சியம்மன் கோயில் பூஜை தடையின்றி நடக்கச் செய்தார் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். குத்தகைப் பணமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சீமையிலிருந்து அதற்கு முன் ஒழுங்காகப் பணம் பார்த்தவர்கள் குறைவு.

இந்தச் சித்திரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. அவருடைய அமைதி வாளால் வந்த அமைதி. கள்ளர் நாட்டில் காட்டை வெட்டி வழி திறந்து, எதிர்ப்பட்டவர்களை ஈவிரக்கமின்றிச் சுட்டுத் தள்ளினார். வெள்ளையருக்கும் நவாபுக்கும் வரி கட்ட மாட்டேன் என்று நெற்கட்டும்செவலில் தலை நிமிர்ந்து நின்ற புலித்தேவரை விடாமல் துரத்தியவர் இவரே. வாசுதேவநல்லூர்க் கோட்டையில் முதலில் தோற்றுத் திரும்பினார். பிறகு பெரும் பீரங்கிகளுடன் வந்து 1761 மே மாதம் புலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தினார். அந்த வெற்றியின் லாபம் யாருக்கு? கும்பினிக்கும் நவாபுக்கும். புலித்தேவரைப் போற்றும் தென்பாண்டிச் சீமை கான்சாகிபுவைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைச் சற்று மாற்றிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

1760-ல் இலங்கையிலிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியில் படை இறக்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது, அவர்களையும் கடற்கரைக்கு விரட்டினார்.

இதே காலத்தில் அவர் மாசா என்ற பெண்ணை மணந்திருந்தார். போர்த்துக்கீசிய வழிக் கிறிஸ்தவப் பெண். 1762 வாக்கில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வேளாளராகப் பிறந்து இஸ்லாமியராக வாழ்ந்தவர், மனைவி கிறிஸ்தவர், திவான் சீனிவாசராவ் பிராமணர். அவர் வீட்டு வாசலில் எல்லா மதமும் நின்றது.

இரண்டு எஜமானர்கள்

அவருடைய நிலைமையின் சிக்கலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கும்மந்தான் என்ற முறையில் அவர் கும்பினியின் ஊழியர். குத்தகைதாரர் என்ற முறையில் அவர் வசூலித்த நாடு நவாபுடையது. கும்பினியும் நவாபும் ஒன்றாக இருக்கும்வரை இது தொல்லை தரவில்லை. பிரெஞ்சுக்காரர் என்ற பொது எதிரி இருந்தவரை அவர்கள் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. எதிரி ஒழிந்தான். இனி யூசுப்கான் எதற்கு?

நவாப் முகமது அலியின் கணக்கு இதுதான். யுத்தச் செலவு முழுவதையும் கும்பினி அவர் தலையில் எழுதியிருந்தது. கடன் மலையாக நின்றது. மதுரைச் சீமையின் வருமானம் நேராகத் தம் கைக்கு வர வேண்டும். அதோடு, தம்முடைய நாட்டிலேயே தம்மைவிடப் பேர் வாங்கிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த நவாப் தூங்குவான்?

யூசுப்கான் ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், குத்தகையை எனக்கே விடுங்கள் என்று கேட்டார். ஏற்கப்படவில்லை. அவர் என் சேவகர், என்னிடம் வந்து கணக்குக் கொடுக்கட்டும் என்பது நவாபின் வாதம். நான் கும்பினியின் ஆள், நவாபின் ஆள் அல்ல என்பது இவர் வாதம். தீர்ப்புச் சொல்ல வேண்டியது சென்னைச் சபை. அது நவாபின் பக்கம் சாய்ந்தது. கும்பினியிடம் கடன்பட்டிருந்தவர் நவாப். கடனாளி பிழைத்தால்தான் கடன் திரும்பும்! அதற்கு முன் ஒரு சிப்பாயின் சேவை எம்மாத்திரம்?

யூசுப்கானும் சும்மா இருக்கவில்லை. ஆட்களைச் சேர்த்தார், குதிரைகள் வாங்கினார், பீரங்கிகள் வார்த்தார். உத்தரவு கேட்காமல் திருவிதாங்கூரோடு மோதினார். மார்ச்சந்த் என்ற பிரெஞ்சுக்காரரையும் அவருடைய ஆட்களையும் வேலைக்கு வைத்தார். சென்னைக்கு வா என்று உத்தரவு வந்தது. போகவில்லை. போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

தங்கப் பதக்கம் கொடுத்த சபையே இப்போது அவரைக் கலகக்காரர் என்று அறிவித்தது.

மதுரை முற்றுகை

1763 ஆகஸ்டில் கர்னல் மான்சன் தலைமையில் படை வந்தது. நவாபும் உடன் வந்தார். மதுரைக்கு அன்று இரட்டைக் கோட்டை மதில், அகழி. அவற்றை யூசுப்கான் பலப்படுத்தியிருந்தார். கும்பினியின் பீரங்கி எங்கே நிற்கும், எந்த நேரத்தில் ஏணி வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் படையிலேயே வளர்ந்தவரல்லவா! மழைக்காலம் வந்தது. நவம்பரில் மான்சன் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்.

மறு ஆண்டு மேஜர் சார்லஸ் காம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26 அன்று மதிலில் ஏறிப் பிடிக்க முயன்றார்கள். கோட்டைக்குள்ளிருந்து குண்டும் ஈட்டியும் கல்லும் பொழிந்தன. கும்பினிப் படை பெருத்த சேதத்துடன் பின்வாங்கியது. அன்றைய தாக்குதலில் முன்னால் நின்று மரண காயம் அடைந்தவர் மேஜர் பிரெஸ்டன்.

ஆம், அதே பிரெஸ்டன்தான். செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டு, யூசுப்கானோடு ஒரே கூடாரத்து உறவாகப் பரங்கிமலைக்கும் செங்கல்பட்டுக்கும் நடையாய் நடந்த பிரெஸ்டன். ஐந்தரை ஆண்டுக்கு முன் தோளோடு தோள் நின்றவர், பழைய தோழர் காத்த மதிலின் கீழ் விழுந்தார்.

சென்னையில் அப்போது சேனாதிபதியாக இருந்தவர் லாரன்ஸ். பொய்க் கடிதத்திலிருந்து யூசுப்கானைக் காத்த அதே கிழவர். இந்த முறை அவரால் காக்க முடியவில்லை.

தொழுகை நேரத்தில்

மதிலை உடைக்க முடியாது என்று தெரிந்தபின் காம்ப்பெல் பழைய வழியைப் பிடித்தார்: பட்டினி. கோட்டையைச் சுற்றி ஈ நுழையாமல் வளைத்தார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் கழிந்தன. உள்ளே அரிசி தீர்ந்தது. சிப்பாய்கள் இரவோடிரவாக மதில் தாண்டி ஓடினார்கள். தானிய வண்டிகளைக் காத்துப் புகழ் பெற்றவரும், தானிய வண்டிகளை மறித்துச் சென்னையைக் காத்தவருமான கான்சாகிபுவுக்கு இப்போது வண்டி அனுப்ப ஒருவரும் இல்லை.

பசி வந்தபோது விசுவாசமும் பறந்தது. மார்ச்சந்தை ஏதோ கோபத்தில் அவர் அடித்துவிட்டார் என்றும், அதை அந்தப் பிரெஞ்சுக்காரர் மறக்கவில்லை என்றும் சொல்வார்கள். திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாகிபும் மார்ச்சந்தோடு சேர்ந்தார்கள். தங்கள் தலை தப்ப வேண்டுமானால் அவருடைய தலையைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

1764 அக்டோபர் 13. யூசுப்கான் தொழுகையில் இருந்தார். கையில் ஆயுதம் இல்லை. மூவரும் ஆட்களோடு பாய்ந்தார்கள். அவருடைய தலைப்பாகையைக் கொண்டே அவரைக் கட்டினார்கள். மறுநாள் அவர் காம்ப்பெல்லிடம் ஒப்படைக்கப்பட்டார். காம்ப்பெல் நவாபிடம் ஒப்படைத்தார்.

விசாரணை ஒன்றும் இல்லை. ஹெரானுக்குக்கூட ராணுவ விசாரணை வைத்த கும்பினி, தன்னுடைய கும்மந்தானுக்கு அதை வைக்கவில்லை. அக்டோபர் 15 மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், முற்றுகைப் பாசறைக்கு அருகில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது நாற்பதை எட்டியும் எட்டாமலும் இருக்கும்.

இரண்டு தடவை கயிறு அறுந்தது, உடம்பில் இருந்த தாயத்தை எடுத்த பிறகுதான் உயிர் போனது என்பது ஊர்க் கதை. செத்த பிறகும் நவாபுக்குப் பயம் தீரவில்லை, உடலைத் துண்டு துண்டாக்கி ஊருக்கு ஒன்றாக அனுப்பினார் என்றும் சொல்வார்கள்: தலை திருச்சிக்கு, கைகள் பாளையங்கோட்டைக்கு, கால்கள் பெரியகுளத்துக்கும் தஞ்சைக்கும், முண்டம் மட்டும் சம்மட்டிபுரத்து மண்ணுக்கு. இது உண்மையோ பொய்யோ, இவ்வளவு பெரிய பயத்தை ஒரு மனிதனைச் சுற்றிக் கட்டிய மக்கள் அவரை லேசாக எடைபோடவில்லை என்பது மட்டும் நிச்சயம். கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலும் நாட்டுப்புறத்தில் பிறந்தது.

பிறகு

பரங்கிமலையைச் சுற்றி நடந்த அந்தக் குளிர்காலப் போரின் பெரிய மனிதர்களைப் பின்தொடர்ந்தால் ஒரு விசித்திரம் தெரியும். பிரெஸ்டன் மதுரை மதிலில் விழுந்தார். யூசுப்கான் சம்மட்டிபுரத்தில் தொங்கினார். எதிரியான லாலியை அவருடைய சொந்த நாடே துரோகி என்று சொல்லி, 1766 மே மாதம் பாரிஸில் தலையை வெட்டியது.

வென்றவர் முகமது அலி ஒருவர்தான். மதுரைச் சீமை அவர் கைக்கு வந்தது. ஆனால் கடன் தீரவில்லை, வளர்ந்தது. சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கும்பினியின் நிழலில் வாழ்ந்து மறைந்தார். 1801-ல் கர்நாடக நாட்டின் ஆட்சியைக் கும்பினி முழுவதுமாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே தென்பாண்டிச் சீமை கொதித்தது. வீரபாண்டியக் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட நாள் 1799 அக்டோபர் 16. கான்சாகிபு தொங்கிய நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து ஆண்டுகளும் ஒரு நாளும்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி தாண்டிப் போனால் தரமணி. அங்கே 1997 அக்டோபரில் மருதநாயகம் என்ற பெயரில் ஒரு சினிமாப் படத்தின் தொடக்க விழா நடந்தது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் நேரில் வந்திருந்தார். கும்மந்தானைக் கைவிட்டவர்களின் நாட்டு ராணி, அவர் கதைக்கு விளக்கேற்றிய விழாவில்! படம் முடிவடையவில்லை.

மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. கான்சாகிபு மேடுதான் அப்படித் தேய்ந்து நிற்கிறது. ஊருக்கு மேற்கே தேனி சாலையில் காளவாசலைக் கடந்தால் சம்மட்டிபுரம். தூக்கு நடந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1808-ல், ஷேக் இமாம் என்பவர் அந்தச் சமாதியின் மேல் ஒரு சிறு பள்ளிவாசல் கட்டினார். கான்சாகிபு பள்ளிவாசல் என்று அதற்குப் பெயர்.